வந்தேறி என்று மழலையைப் பழிப்பதா?



பொருநைக் கரை வண்ணார்பேட்டையில் மாடிமேல் மாடி எழக் காண்கிறோம். அவற்றைக் கட்டும் வடபுலத் தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் மணற்குவியலில் கிடப்பதைக் காண்கிறோமா?

"வடவன் பிள்ளைக்கு நாம் ஏன் கவலுறல் வேண்டும்?" என நம்மவரே சிலர் வினவுகின்றனர். நெல்லை, மதுரை, திருச்சிப் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே கடல்கடந்து, இலங்கை மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய நம் உறவுகளை மறந்தீரோ? அவர்தம் பிள்ளைகளுக்குக் கிட்டியவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளே. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. அது கொடுமையெனில், இது என்ன?

2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும் கடமையை உள்ளாட்சியின் தோளிலேயே ஏற்றியுள்ளது. மாற்றுச் சான்று வரவில்லையென்று சேர்க்கையை மறுத்தல் கூடாது. அகவைக்கேற்ற வகுப்பிற் சேர்த்துத் தனிப்பயிற்சி தரல் வேண்டும். ஆனால், மூன்று திங்களில் வேலையிடம் மாறும் குடும்பம், ஆண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கில் எங்ஙனம் அகப்படும்? கட்டட ஒப்பந்தக்காரரிடமிருந்து பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைத் திங்கள்தோறும் பெறுக! பள்ளி மாறுங்கால் அப்பட்டியல் பிள்ளையைத் தொடர்க!

1938இலும் 1965இலும் நாம் எதிர்த்தது இந்தித் திணிப்பை. ஏழை மழலையை அன்று. இந்தியின் நிழலில் நலியும் மைதிலியும் போச்புரியும் பேசும் பிள்ளைகளும் அவருள் உளர். அவர்க்குத் தமிழெழுத்தைக் கனிவோடு கற்பிப்போம். அவர்தம் தாய்மொழியை இகழாதிருப்போம். தமிழை 1ஆம் வகுப்பிலிருந்து கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிக்கே வராத பிள்ளைக்கு எதைக் கற்பிக்கும்?

உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு எழுத்தை மறுப்பது தமிழ்ப்பற்றன்று, தமிழுக்கு இழுக்கு!