துண்டு விரித்துப் பிடித்த இடம்

 

சென்ற ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், எங்கள் மதரஸா மாணவர்கள் 43 பேரின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர் மின்சாரம் நின்றது. மீண்டும் இயக்கிப் பார்த்தபோது பட்டியலைக் காணவில்லை. சேமித்தேன் என்பதில் ஐயமில்லை. சேமித்த இடம்தான் தவறு. 'டெம்ப்' என்னும் கோப்புறையில் வைத்திருந்தேன். அந்த லினக்ஸ் கணினியில் அக்கோப்புறை வன்தட்டில் இல்லை; ராம் நினைவகத்திலேயே அமைந்திருந்தது. விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு இரண்டு இரவுகள் மீண்டும் உட்கார நேர்ந்தது. கலைப்பட்டம் பெற்ற எனக்கு இது விந்தையாகவே பட்டது. விசாரித்து அறிந்ததை இம்மாதம் எழுதுகிறேன்.

ராம் என்பது மின்சாரம் உள்ளவரை மட்டுமே எழுத்தைத் தாங்கும் நினைவகம். வன்தட்டைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆதலால் அதன் ஒரு பகுதியைத் தட்டாகவே பாவித்து அதில் கோப்புகளை வைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் அதே ராமில்தான் எல்லா நிரல்களும் இயங்கியாக வேண்டும். தட்டுக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது திரும்பப் பெறுவது?

எம்.எஸ். டாஸ் காலத்து 'ராம்டிரைவ்' கண்ட வழி, ஜும்ஆவுக்கு வெகுநேரம் முன்பே முதல் ஸஃப்பில் துண்டை விரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் வழி. (எத்தனை முறை கண்டித்தாலும் துண்டுகள் குறைந்தபாடில்லை!) கணினி விழிக்கும்போதே இன்ன அளவு என்று ஒதுக்கிவிடும். உள்ளே ஒரு கோப்பும் இல்லாவிடினும் அவ்விடம் வேறு நிரலுக்குக் கிடைக்காது. நினைவகமே சில மெகாபைட்டாக இருந்த நாளில் இது சிறிய இழப்பன்று. 1985இல் வந்த அமீகா கணினியின் ராம் தட்டோ, கோப்பு வர வர விரிந்தது, அழித்தால் சுருங்கியது.

2001இல் வெளியான லினக்ஸ் 2.4 பதிப்பில் 'டிஎம்பிஎஃப்எஸ்' என்னும் அமைப்பு இடம்பெற்றது. இதுவும் விரிந்து சுருங்குவதே. நாம் வேறு அளவு குறிக்காவிடில், ராமில் பாதி என்பது அதன் உச்சவரம்பு. வரம்புதான், ஒதுக்கீடு அன்று. 8 ஜிகாபைட் கணினியில் '4 ஜிகாபைட் தட்டு' என்று காட்டினாலும், கோப்பு வைக்காதவரை ஏறக்குறைய ஒன்றும் செலவாவதில்லை.

நுட்பம் இனிமேல்தான். வன்தட்டிலுள்ள கோப்பைப் படிக்கும்போது இயங்குதளம் ராமில் ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. நெருக்கடி வந்தால் அந்நகலைத் தயங்காமல் எறிந்துவிடலாம். மூலம் தட்டில் இருக்கிறது. டிஎம்பிஎஃப்எஸ் கோப்புக்கோ ராமில் உள்ளதே மூலம். எறிய இயலாது. வன்தட்டில் 'ஸ்வாப்' என்னும் மாற்றிடம் இருந்தால் அங்கே ஒதுக்கி வைக்கும். அதுவும் இல்லையெனில், நாம் அழிக்கும்வரை அவ்விடம் அடைபட்டதே. அழித்த பின்னும், ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பாது. நினைவகம் அறவே தீர்ந்தால் லினக்ஸ் ஒரு நிரலைக் கொன்று இடம் தேடும். நிரல் போகும், கோப்பு போகாது. வரம்பை அளவுக்கு மீறி உயர்த்தினால் கணினியே உறைந்துவிடும் என்று லினக்ஸ் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'ஃப்ரீ' என்னும் கட்டளை, இக்கோப்புகளையும் எறியத்தக்க நகல்களோடு சேர்த்தே கணக்கிட்டுக் காட்டும். 'ஷேர்ட்' என்னும் பத்தியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஃபெடோரா 2013இல் வந்த 18ஆம் பதிப்பிலும், டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலும் டெம்ப் கோப்புறையை இயல்பாகவே ராமுக்கு மாற்றிவிட்டன. வீட்டில் லினக்ஸ் வைத்திருப்போர் 'டிஎஃப்' கட்டளையை இட்டு, அக்கோப்புறைக்கு நேரே என்ன பெயர் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மதரஸாவில் அந்த அமைப்பை நான் மாற்றச் சொல்லவில்லை. விரைவு நன்றாகத்தான் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் மட்டும் இப்போது வன்தட்டில் இருக்கிறது. அச்சிட்ட பிரதி ஒன்று அலமாரியிலும்.