அப்டேட்டை நிறுத்த வேண்டாம், நேரம் குறித்துக் கொடுப்போம்



நமது ஊர்களில் ஒரு லெப்டொப் திருத்த வேலைக்குப் போய்த் திரும்பினால், கேட்டோ கேட்காமலோ ஓர் உதவியும் சேர்ந்தே வருகிறது. "அப்டேட்டை ஓஃப் பண்ணி வச்சிருக்கிறன், இனிக் கரைச்சல் இல்ல." கண்டி நகரம், கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை எங்கும் இதே கதைதான். நமக்கும் அது பெரிய நிம்மதி.

ஏன் அந்த நிம்மதி தேவைப்படுகிறது என்பது ஆசிரியர்களான எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது. பரீட்சை விண்ணப்பங்களை ஒன்லைனில் அனுப்பும் கடைசி நாளிலோ, தவணை அறிக்கை அச்சிட வேண்டிய காலையிலோ, "கணினியை அணைக்க வேண்டாம்" என்று திரையில் வட்டம் சுற்றத் தொடங்கினால் யாருக்கும் கோபம் வரும். மாத இறுதிக்குள் டேட்டா தீர்ந்துபோகிறது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் என்னவாகும் என்ற பயமும் உண்டு. ஆகவே கரைச்சல் உண்மைதான். அதற்கு நாம் செய்யும் வைத்தியம்தான் பிழை.

மாதாந்தம் வரும் அப்டேட்டின் முக்கியமான பகுதி புது அலங்காரம் அல்ல, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலை. மைக்ரோசொப்ட் ஓர் ஓட்டையை அடைத்து வெளியிடும் அன்றே, அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் தேடுவது அடைக்காத வீடுகளைத்தான்.

2017 இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 14 அன்று ஒரு திருத்தம் வெளியானது. அதைப் போடாத கணினிகளைத் தேடி மே 12 அன்று 'வன்னாக்ரை' என்ற கப்பம் கேட்கும் வைரஸ் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையில் இருந்தது 59 நாட்கள். ஓரிரு வாரம் தாமதித்தவர்கள் தப்பினார்கள். நிறுத்தியே வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"அது வெளிநாடு" என்று சொல்ல முடியாது. 2023 ஓகஸ்ட் 26 அன்று நமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' இப்படித்தான் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது 'எக்ஸ்சேஞ்ச் 2013' என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரலிலேயே முடித்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும், பணமும் நிர்வாகத் தீர்மானங்களும் காரணமாகத் தள்ளிப்போனதாகச் சொல்லப்பட்டது. சேவை சில மணித்தியாலங்களில் திரும்பி வந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

இது வின்டோஸ் அப்டேட் விடயம் அல்ல என்பது உண்மை. ஆனால் "பிறகு பார்ப்போம்" என்ற சொல் ஒன்றுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்டேட்டே தீங்கு செய்ததும் உண்டு. 2018 ஒக்டோபரில் வெளியான வின்டோஸ் 10 பதிப்பு சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. மைக்ரோசொப்ட் சில நாட்களிலேயே அதன் விநியோகத்தை நிறுத்தியது. 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் நீலத் திரை தோன்றியதைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். 85 இலட்சம் கணினிகளை முடக்கிய அந்தச் சம்பவம் 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்பால் வந்தது, வின்டோஸ் அப்டேட்டால் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் வந்ததும் போடுவதும் ஆபத்து, ஒரு நாளும் போடாமல் விடுவதும் ஆபத்து.

நடுவழி இருக்கிறது. அது வின்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, காசு தேவையில்லை.

1. செட்டிங்ஸில் 'வின்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய் 'எக்டிவ் அவர்ஸ்' நேரத்தை நீங்களே குறியுங்கள். காலை 7 முதல் மாலை 6 வரை என்று வைத்தால் அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணித்தியாலம் வரை குறிக்கலாம்.

2. பரீட்சை வேலை, கணக்கு முடிக்கும் வாரம் என்றால் 'போஸ் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். 5 வாரம் வரை தள்ளிப்போடலாம். அது முடிந்ததும் வந்திருப்பதைப் போட்ட பிறகுதான் மறுபடி தள்ளிப்போட விடும். 59 நாள் கதையை நினைத்தால் அந்த எல்லை ஏன் என்று விளங்கும்.

3. போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் டேட்டாவைத் தின்னாது. பிறகு இரவு டேட்டா கிடைக்கும் நேரத்தில் அதை நீக்கிவிட்டு இறக்கலாம்.

4. பல கணினிகள் உள்ள இடத்தில் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' வசதியை இயக்கினால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதே உள் வலையமைப்பில் பகிர்ந்துகொள்ளும்.

5. எதற்கும் முன்னர் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றி வேறாக வையுங்கள். லெப்டொப்பை சார்ஜரிலும், மேசைக் கணினியை யூபிஎஸ்ஸிலும் வைத்து அப்டேட் செய்யுங்கள்.

மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்கள் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன, நமது நேரப்படி அன்று இரவு. அதன் பிறகு ஒரு வாரம் பொறுத்து, முதலில் ஒரு கணினியில் போட்டு, பிரச்சினை இல்லையென்றால் மற்றவற்றில் போடுவது பாடசாலைக்கும் கடைக்கும் போதும்.

வீட்டைவிடக் காரியாலயம்தான் எங்களுக்குக் கவலை. வீட்டுக் கணினிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பாடசாலை, பள்ளிவாசல், ஜனாஸா சங்கக் கணினி எல்லோருடையது, ஆகவே யாருடையதும் அல்ல. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் விபரமும், ஸகாத் பெறும் குடும்பங்களின் பட்டியலும் அதற்குள்தான் இருக்கின்றன. அவை அமானிதம். அதிபரோ நிர்வாக சபையோ ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்கி, மாதத்துக்கு ஒரு நாளை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். ஓசிக்குப் போட்ட கிரெக் வின்டோஸ் இருந்தால் அதையும் பேசித் தீர்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் போடும்போதே அப்டேட்டையும் வைரஸ் காவலையும் நிறுத்திவிடுவது வழக்கம்.

இன்னொன்று. வின்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். உங்கள் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள்.

அடுத்த முறை கடைக்குக் கொண்டுபோகும்போது "ஓஃப் பண்ணுங்க" என்று சொல்லாமல், "நேரம் செட் பண்ணித் தாங்க" என்று கேளுங்கள். திருத்துபவருக்கு அது ஐந்து நிமிட வேலை. உங்கள் பாடசாலையிலோ பள்ளிவாசலிலோ இதற்குப் பொறுப்பாக யார் இருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். யாரும் இல்லையென்றால் இந்த வாரமே ஒருவரைத் தேடிக்கொள்வோம்.