'பாதி வக்கீல்' என்று இகழாதீர்: பட்டாசு மண்ணில் பாராலீகல் பணி



பட்டப்படிப்பை முடித்த பிள்ளை, "பாராலீகல் வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் எழுகிற மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "முடிந்தால் வக்கீலுக்குப் படி, இல்லாவிட்டால் கடையைப் பார். இந்தப் பாதி வக்கீல் வேலை எதற்கு?" மருத்துவம், பொறியியல், வளைகுடாப் பயணம், சொந்த வியாபாரம் ஆகிய நான்கைத் தவிர வேறு பிழைப்பில்லை என்று பழகிவிட்ட சமுதாயத்தில் இந்தக் கேள்வி வியப்புக்குரியதன்று. எனினும் விருதுநகர் மாவட்டத்தில், அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வாழ்வோர் இப்படிக் கேட்கும்போது நாம் அதை வன்மையாக மறுக்கிறோம். ஏனெனில் இந்த மண்ணில் ஒரு குடும்பம் தலைநிமிர்வதா, தெருவுக்கு வருவதா என்பது, வக்கீல் வாதாட எழுவதற்கு முன்பே பல வேளைகளில் ஒரு காகிதத்தால் முடிவாகிவிடுகிறது. அந்தக் காகிதத்தைக் கவனிக்கிறவரே சட்டத் துணைப் பணியாளராகிய பாராலீகல்.

நான்காம் நாள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து சுமார் 40 உயிர்களைக் கொண்டுபோனது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இவற்றுக்கு இடையிலும் பின்னரும் நிகழ்ந்த விபத்துகள் பல. ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நாள் அமைச்சர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, தொலைக்காட்சி வண்டிகள் நிற்கின்றன. நான்காம் நாள் அந்த வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள்? ஆலைத் தரப்பின் ஆள் ஓர் உறையில் பணத்துடன் வந்து நிற்கலாம். "இதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள், வழக்கு எதற்கு" என்று கனிவாகவே பேசலாம். அந்த வேளையில் அருகில் நின்று உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

என்ன உண்மை? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி நேரே குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்தியே தீர வேண்டும். மூன்று மாதக் கூலி அளவு வரை முன்பணமாகத் தரலாமே தவிர, நேரே கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது. உரிமையை விட்டுத்தருவதாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது. இந்தச் சேதி தெரியாத காரணத்தால் கைநாட்டு வைத்துவிட்டு, "எழுதிக் கொடுத்தாயிற்றே" என்று வாய்மூடிப் போகும் விதவைக்கு, நூறு வக்கீல்கள் நீதிமன்றத்தில் இருந்தும் பயனில்லை. அவர் நீதிமன்றத்தின் படியை மிதிக்கப் போவதே இல்லை.

கணக்கையும் பாருங்கள். 40 வயதுத் தொழிலாளி பணியில் இறந்தால், மாதக் கூலியில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் குறித்துள்ள 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளப்படும் கூலிக்கு 2020 ஜனவரியில் வைக்கப்பட்ட உச்சவரம்பு 15,000 ரூபாய். கூலி 15,000 என்று நிறுவப்பட்டால் இழப்பீடு 13,81,275 ரூபாய். "மாதம் 6,000தான் கொடுத்தோம்" என்று ஆலைத் தரப்பு சொல்லி, அதை மறுக்கச் சான்று இல்லாமற்போனால் 5,52,510 ரூபாய். இடையில் மறைந்துபோவது 8,28,765 ரூபாய்! அதை மீட்டுத் தருவது பெரும்பாலும் ஒரு கூலி நோட்டு, ஒரு வங்கிக் கணக்குப் பதிவு, உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் ஆகியவையே. அவற்றைத் தேடிச் சேர்த்து வரிசைப்படுத்துவது பாராலீகலின் வேலை.

முதலாளி யார் என்பதே பல வேளைகளில் சிக்கல். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர். கூலி கொடுப்பவர் காண்ட்ராக்டர் அல்லது போர்மேன். காண்ட்ராக்டர் வழியாகத் தன் தொழிலைச் செய்வித்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்கிறது சட்டம். ஆனால் மனுவில் யார் பெயரைச் சேர்ப்பது என்று தெரிந்தால்தானே? தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால் வழியே வேறு. 1923 சட்டத்தின்கீழ் கேட்பதற்கு இடமில்லை. குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும் உதவித்தொகையை இ.எஸ்.ஐ.யில் கேட்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைகிறவருக்குக் காலமும் காத்திராது. விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது அந்தப் பழைய சட்டத்தின் வரம்பு. இப்போதோ 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுள்ளது. பிரிவுகள் மாறுகிற இவ்வேளையில், எது மாறியது, எது மாறவில்லை என்று படித்துச் சொல்லும் ஆளின் தேவை பெருகுமே தவிரக் குறையாது.

"கோர்ட்டு வேலை நமக்கு எதற்கு?"

மனிதன் இயற்றிய சட்டத்துக்கு ஊழியம் செய்வதா என்று தயங்கும் சகோதரர்களும் உளர். அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். அவர்களுடைய முடிவை ஏற்கவில்லை. நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். யமன் தேசத்து ஸபீதிலிருந்து வந்த வியாபாரி ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்டு, மக்காவின் செல்வாக்குள்ள மனிதர் ஒருவர் விலையைக் கொடுக்க மறுத்தார். அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருடைய உரிமை திரும்பும் வரை உடன் நிற்போம் என்று குறைஷிகள் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் உறுதி பூண்டனர். அண்ணலாரும் (ஸல்) அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்ற கருத்தில் அதைப் போற்றினார்கள். அந்த வியாபாரி வெளியூர்க்காரர். துணை நிற்கக் குலமோ சுற்றமோ அற்றவர். அவருக்காகவே அந்த அணி திரண்டது. ஆகவே பட்டாசு ஆலையில் கருகியவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவரா என்று கேட்டுவிட்டு உதவப் புறப்படுவது நம் மரபாகாது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய அல்பகரா 282ஆம் வசனமே. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது, நீதியுடன் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரலாகாது என்று விரிகிறது அதன் போதனை. ஆவணம் எழுதுவதை மார்க்கம் இவ்வளவு உயர்த்தி வைத்திருக்க, ஆவணம் எழுதுகிறவரை நாம் தாழ்த்துவது எந்த நியாயம்?

"வக்கீலாகவே ஆகட்டுமே?"

ஆகட்டும், மிக நல்லது. பட்டதாரிக்கு மூன்றாண்டுச் சட்டப்படிப்பின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. பாராலீகலாகப் பழகியவர் அங்கே முன்னணியில் நிற்பார். ஆனால் வக்கீலாகாத பாராலீகல் குறைபட்டவர் என்பது தவறு. முஅத்தினைப் பாதி இமாம் என்று எவரும் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை வழக்கறிஞருக்கே உரியது என்பது உண்மை. எனினும் 1923 சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதியுடன், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற வேறொருவரும் தொழிலாளியின் சார்பில் முன்னிற்க இடம் தந்திருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2007 முதல் பாராலீகல்கள் உரிமம் பெற்றுச் சிறு வழக்குகளில் தாமே வாதாடுகின்றனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோன், ஒவ்வொரு பாரம்பரியத் தலைவரின் ஆட்சிப் பகுதிக்கும் ஒரு பாராலீகலேனும் இருக்க வேண்டும் என்று 2012இல் சட்டமே இயற்றியது.

நம் மாவட்டத்தில் வழி இல்லாமலில்லை. திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அங்கு அவர்களை அழைத்துச் செல்வதற்கென்றே 2009 முதல் சட்டத் தன்னார்வலர் திட்டமும் உண்டு. ஆனால் கணவனை இழந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் சகோதரி திருவில்லிபுத்தூருக்கு எப்படிப் போவார்? வாரிசுச் சான்றிதழுக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் யார் அலைவார்? அவருடைய வீட்டுக்கே சென்று, அவர் மனம் திறந்து பேசும்படி அருகில் அமர்ந்து எழுதிக்கொள்ள ஒரு பெண் பாராலீகல் வேண்டும். "பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலையா?" என்று கேட்போருக்கு இதுவே நம் மறுமொழி: சில வாசல்களை அவளால் மட்டுமே கடக்க முடியும்.

கூலியும் அமானிதமும்

வருமானம் குறைவு என்ற வாதத்தை நாம் மறைக்கப்போவதில்லை. தன்னார்வலருக்குக் கிடைப்பது நாட்கணக்கில் மதிப்பூதியமே. மாதச் சம்பளம் அன்று. வக்கீல் குமாஸ்தாவின் ஊதியமும் பெரிதன்று. இதை நம்பி விரைவில் மாடி வீடு கட்ட இயலாது. ஆனால் இந்தக் குறையைச் சுட்டிப் பிள்ளைகளைத் தடுப்பதைவிட, குறையைத் தீர்க்க வேண்டியது நம் ஜமாஅத்துகளின் பொறுப்பு என்கிறோம். இமாமுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் ஊதியம் தரும் ஜமாஅத்துகள், நான்கைந்து மஹல்லாக்கள் சேர்ந்து ஒரு பாராலீகலுக்கு மாத ஊதியம் தர முடியாதா? விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, இராஜபாளையம் ஜமாஅத்துகளின் நிர்வாகிகள் ஒரே ஓர் அமர்வில் முடிவெடுக்கக்கூடிய செய்தி இது. ஊரில் ஒருவரேனும் செய்தாக வேண்டிய கடமைக்கு ஃபர்ளு கிஃபாயா என்று பெயர் சொல்கிறோம். செய்கிறவரின் வயிற்றையும் ஊர்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பணிக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். இழப்பீட்டில் பங்கு பேசுகிறவர் பாராலீகல் அல்லர், தரகர். கூலியைக் கூட்டி எழுதுவதும் பொய்ச்சாட்சி தயாரிப்பதும் ஏழைக்காகச் செய்தாலும் பெரும்பாவமே. தன்னால் இயலாத வழக்கை உரிய வழக்கறிஞரிடம் காலத்தே ஒப்படைப்பதும் அமானிதம். தாமதமான இழப்பீட்டுக்குச் சட்டம் வட்டி சேர்க்கிறது; அதை எப்படிக் கொள்வது என்று ஆலிம்களிடம் கேட்கும்படி குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வட்டிக்கு அஞ்சி இழப்பீட்டையே விட்டுவிடுவது பேணுதலாகாது. அது அநாதைகளின் உரிமை.

ஜமாஅத் முடிவெடுக்கும் வரை ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆலைக்குச் செல்பவரின் இ.எஸ்.ஐ. எண், ஆலையின் பெயர், உரிமம் பெற்றவர் பெயர், வாரந்தோறும் பெற்ற கூலி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். கூலியாளின் வியர்வையைப் பற்றிய நபிமொழியை நம் மிம்பர்கள் அடிக்கடி நினைவூட்டுகின்றன. வியர்வை சிந்திய உடலே கருகிப்போனால் அந்தக் கூலிக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்பதையும் அடுத்த ஜும்ஆவில் பேசட்டும்.

இன்னொரு விபத்து நிகழாதிருக்க அல்லாஹ்விடம் கையேந்துவோம். நிகழ்ந்துவிட்டால், நான்காம் நாள் அந்த வாசலில் உறையுடன் வருபவருக்கு முன்பாகக் கோப்புடன் வந்து நிற்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். அவரைப் பாதி வக்கீல் என்று அந்தக் குடும்பம் ஒருபோதும் அழைக்காது.