சேப்பாக்கம் பக்கம்தான், டிக்கெட்தான் தூரம்

எண்ணூரிலிருந்து சேப்பாக்கத்துக்கு மின்சார ரயிலிலேயே போய்விடலாம். கடற்கரை நிலையத்தில் இறங்கி பறக்கும் ரயில் பிடித்தால், மைதானத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். ஆனால், ஐபிஎல் ஆட்டம் பார்க்க அந்த மைதானத்துக்குள் போவது வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு தூரமாகிக்கொண்டே போகிறது.

2023 வரை கவுன்ட்டரில் டிக்கெட் விற்றார்கள். காசிமேடு, திருவொற்றியூர் இளைஞர்கள் முதல் நாள் இரவே போய் நடைபாதையில் இடம்பிடிப்பார்கள். அந்த வரிசையை நாம் புகழவில்லை. தள்ளுமுள்ளு இருந்தது, கள்ள விற்பனை இருந்தது, பெண்கள் இரவெல்லாம் காத்திருப்பது எளிதாக இல்லை. ஆனாலும் மூட்டை தூக்குகிறவரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். முன்னால் வந்தவருக்கு முன்னால் டிக்கெட்.

2024இல் விற்பனை முழுவதும் இணையத்துக்குப் போனது. 2025 மார்ச் 23 சென்னை – மும்பை ஆட்டத்துக்கு விற்பனை தொடங்கிய நேரம், மார்ச் 19 புதன்கிழமை காலை 10.15. அந்த நேரத்தில் துறைமுகத் தொழிலாளி சுமையோடு நிற்பார். மாணவர் வகுப்பில் இருப்பார். வேகமான இணையம், நல்ல கைபேசி, வங்கிக் கணக்கில் பணம், கூடவே ஓய்வு ஆகிய நான்கும் உள்ளவருக்குத்தான் அந்தப் பத்தேகால் மணி.

அந்த ஆட்டத்துக்குக் குறைந்த விலையே 1,700 ரூபாயாக இருந்தது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் ஐந்து நாள் கூலியைக் கொடுத்தாலும் ஒரு டிக்கெட் வாங்க 20 ரூபாய் குறைகிறது. இதற்கு மேல், ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகிவிட்டது.

"வீட்டில் டிவியில் பார்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். பல்வாங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளரை நினைத்துப் பார்ப்போம். புனேயில் மைதானப் பணியாளராக இருந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவர் வீசும் பந்து வேண்டியிருந்தது. ஆனால், தேநீர் இடைவேளையில் சக ஆட்டக்காரர்களோடு அமர இடமில்லை. வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். சாதி என்று சொல்லித்தான் அன்று வெளியே நிறுத்தினார்கள். இன்று யாரும் சாதி கேட்பதில்லை. விலையும் செயலியும் கேட்கின்றன. ஆனால், அந்தச் சல்லடையில் சலித்த பிறகு வெளியே விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே சேரி, அதே குப்பம், அதே கூலிக்காரர் வீடு.

அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கழிவும் எண்ணூருக்கு வரும்போது எந்தச் செயலியும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. நேராக வீட்டு வாசலுக்கே வந்தன. நகரத்தின் சுமையில் பங்கு தருகிறவர்கள், நகரத்தின் கொண்டாட்டத்திலும் பங்கு தர வேண்டும்.

இது தனியார் வியாபாரம் என்று தட்டிக்கழிக்க முடியாது. சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். ஆட்ட நாளில் காவலுக்கு நிற்பது அரசு போலீஸ். பொது நிலத்துக்குப் பொது நியாயம் உண்டு.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, குறைந்த விலை டிக்கெட்டில் ஒரு பங்கைக் கவுன்ட்டரில் விற்க வேண்டும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஒவ்வொரு கவுன்ட்டர் வேண்டும், பெண்களுக்குத் தனி வரிசையோடு. இரண்டு, கள்ள விற்பனையைத் தடுக்க அடையாள அட்டை பார்த்து ஆளுக்கு ஒரு டிக்கெட் தர வேண்டும். மூன்று, அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் இருக்கைகள் ஒதுக்க வேண்டும். குத்தகை நிபந்தனையில் இதை எழுத அரசுக்கு அதிகாரம் உண்டு, மனம்தான் வேண்டும்.

மாணவத் தோழர்களே, டிக்கெட் கிடைக்கவில்லை என்று கைபேசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலேயே ஒரு மனு எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். அந்த வரிசையிலாவது நாம் முதலில் நிற்போம்.