‘கிளவுடுல போட்டாச்சுன்னா கவலையே இல்லைங்ணா!’

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் மேனேஜராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்:

‘முதலாளியின் மகன் படிப்பு முடித்து வந்ததும் கணக்கு, ஸ்டாக், பில் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வேண்டும் என்கிறார். சாஃப்ட்வேர் கம்பெனித் தம்பி ஒருவர் லேப்டாப்போடு வந்து ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சந்தேகம் கேட்டால், கிளவுடுல போட்டாச்சுன்னா கவலையே இல்லைங்ணா என்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியது நான். வேண்டாம் என்றால் பழைய ஆள் என்பார்கள். போட்டுவிட்டு ஏதாவது ஆகிவிட்டால்?’

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி பேசியது புரியாததற்கு உங்கள் வயது காரணமில்லை. விற்க வருகிறவர்களில் பலர் பொருளை விளக்குவதற்குப் பதிலாக அதன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூட்டைகளை அடுத்தவர் குடோனில் இறக்கும்போது என்னவெல்லாம் கேட்பீர்களோ, அதையே கேளுங்கள். ஏனென்றால் கிளவுட் என்பது அடுத்தவர் குடோன்தான்.

இதுவரை உங்கள் கணக்கு மேஜைக்கு அடியில் இருக்கும் சி.பி.யூ.வில் இருந்தது. இனி இன்டர்நெட் வழியாகப் போய் வேறொருவரின் கம்ப்யூட்டரில் உட்காரும். பெரும்பாலும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் அது சொந்தமில்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களிடம் வாடகைக்கு இடம் பிடித்து, அதை உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார்கள். அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் இப்படிப்பட்ட மையங்களைத் திறந்தது. மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, எல்லாம் தரையில் நிற்கும் கட்டடங்கள். ஏ.சி., ஜெனரேட்டர், வாட்ச்மேன் எல்லாம் உண்டு.

கட்டடம் என்றால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவு தாண்டி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி மையம் முழுவதுமாக எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கிக் கிடந்தன. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘ரஸ்ட்’ என்ற ஆன்லைன் கேம் தெரிந்திருக்கலாம். அதன் ஐரோப்பிய சர்வர்களில் 25, இருந்த தகவல்களோடு சாம்பலாகின. அங்கே விளையாடியவர்கள் சேர்த்து வைத்ததெல்லாம் போயிற்று.

இதில் நமக்கான பாடம் தீயில் இல்லை, பேக்கப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு நிறுவனம் தனியாகப் பணம் கட்டி பேக்கப் சேவையும் எடுத்திருந்தது. அந்தப் பேக்கப் எங்கே இருந்தது தெரியுமா? எரிந்த அதே இடத்தில்! விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம் அந்த வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வர ஏறக்குறைய இரண்டு வருடம். உங்கள் மண்டியில் ஒரு சீசன் கணக்கு காணாமல் போனால், இரண்டு வருடம் விவசாயிகளிடம் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆகவே, ‘பேக்கப் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘இருக்குங்ணா’ என்றுதான் பதில் வரும். ‘முதல் காப்பி எந்த ஊரில், இரண்டாவது காப்பி எந்த ஊரில்?’ என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு ஊராக இருக்க வேண்டும். கூடவே, ‘போன மாசம் 12-ம் தேதி கணக்கை பேக்கப்பிலிருந்து எடுத்து என் கண் முன்னாடி காட்டுங்க’ என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அவரிடம் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் மண்டியிலோ, அவருடைய டெமோ கணக்கிலோ காட்டட்டும். பேக்கப் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தக் கூத்து பெரிய கம்பெனிகளிலும் நடக்கிறது.

அடுத்தது சாவி. சாஃப்ட்வேரில் எல்லா அதிகாரமும் உள்ள ‘அட்மின்’ கணக்கு எந்த இமெயிலில், எந்த மொபைல் நம்பரில் திறக்கப்படுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் விற்க வந்தவரே அவசரத்துக்குத் தன் இமெயிலைப் போட்டுத் திறந்துவிடுவார். அல்லது கணக்கெழுதும் பெண்ணின் சொந்த நம்பர் இருக்கும். அந்தப் பெண் கல்யாணமாகிப் போன பிறகும் ஓ.டி.பி. அவர் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். மண்டியின் பெயரில் ஓர் இமெயில், மண்டியின் பெயரில் ஒரு சிம். இரண்டும் உங்கள் முதலாளியிடம் இருக்கட்டும். உங்களுக்கு இணையதளம் இருந்தால் அதன் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள். டிசைன் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், நாளை அவரோடு சண்டை வந்தால் கடைப் பெயர்ப்பலகையையே கழற்றிக்கொண்டு போவது மாதிரி.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது, வெளியே வரும் வழி. குடோனில் சரக்கை இறக்குவது சுலபம். எடுக்கப் போகும்போதுதான் பாக்கி, கூலி என்று பேச்சு மாறும். சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். ‘அடுத்த வருஷம் வேண்டாம்னு சொன்னா, என் கணக்கு முழுசும் எக்ஸலில் கிடைக்குமா? எத்தனை நாளில்? காசு உண்டா?’ என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ‘பி.டி.எஃப்.பில் தருவோம்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கணக்கைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது போல. பார்க்கலாம், வேறு சாஃப்ட்வேரில் ஏற்றுவது பெரும்பாடு.

இதில் சட்டமும் இருக்கிறது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். ஆறு வருடம்! அதற்குள் சாஃப்ட்வேர் கம்பெனியே மூடிவிட்டாலும் நோட்டீஸ் வரப்போவது மண்டிக்குத்தான். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்கும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இது கட்டாயம். இந்த இரண்டையும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி போகிற போக்கில் ‘ஏ.ஐ.யும் இருக்குங்ணா’ என்று சொல்லியிருப்பாரே? பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். போன சீசன் பில் இருபதை எடுத்துக் கொடுங்கள், கையெழுத்தில் கிறுக்கியதும் இருக்கட்டும். 3-ஐ 8 என்று படித்தால் அந்தத் தப்பு யார் கண்ணில் படும் என்று கேளுங்கள். ‘அது தப்பே பண்ணாதுங்ணா’ என்று பதில் வந்தால், அந்த வசதியை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொல்வதால் மாற வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் முதலாளி மகன் பக்கம்தான் நியாயம் அதிகம். ஒரே ஒரு சி.பி.யூ., அதன் பேக்கப் என்று அதே மேஜை டிராயரில் ஒரு பென்டிரைவ் என்பதுதான் இன்று பல மண்டிகளின் நிலைமை. அதைவிட நல்ல குடோன் எவ்வளவோ மேல். ஆனால் ஒரேயடியாக மாறாதீர்கள். ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதுங்கள். வேலை இரட்டிப்பாகும், கணக்கெழுதுகிறவர் முணுமுணுப்பார். சீசன் இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை தம்பி டெமோ காட்ட வரும்போது, பாதியில் எழுந்து போய் வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். லாரி வாசலில் நிற்கிறது, இன்டர்நெட் இல்லை, இப்போது பில் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், நெட் வந்த பிறகு அந்த பில் ஒரு தடவைதான் ஏறியிருக்கிறதா, இரண்டு தடவையா என்பதையும் பார்த்துவிட்டு அவருக்கு அடுத்த காபியைச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: பணம் அனுப்பியாச்சு என்று வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாமா?)