வாய்தா போதும், தேதி சொல்லுங்கள்

ஒன்றிய அரசுக்கும், மாநில அரசுகளுக்கும், உயர் நீதிமன்ற நிர்வாகங்களுக்கும் குடிமக்கள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு. அதை மறுபடி நிரூபிக்கும் வேலை எங்களுடையதல்ல. நடிகர், அரசியல்வாதி, தொழிலதிபர் என்பதற்காக எவரையும் ஆதாரமில்லாமல் சிறையில் தள்ளும்படி கேட்கவும் நாங்கள் வரவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் வேகமும் கவனமும் பெயர் தெரியாதவருக்கும் கிடைக்க வேண்டும். பெயர் தெரியாதவர்மீது காட்டப்படும் கண்டிப்பு அவர்கள்மீதும் இருக்க வேண்டும். கீழே உள்ள ஏழு கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டமாகவோ உச்ச நீதிமன்ற உத்தரவாகவோ இருப்பவை. அவை அமலாகும் தேதியைத்தான் கேட்கிறோம்.

1. ஜாமீன் மனுவுக்கு ஒரே வரிசை வேண்டும். 2002 செப்டம்பர் 28 அதிகாலை, மும்பை பாந்திராவில் நடைபாதையில் தூங்கியவர்கள்மீது கார் ஏறி ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர். அந்த வழக்கில் 2015 மே 6 அன்று நடிகர் சல்மான் கானுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்பின் முழு நகல் இன்னும் கைக்கு வரவில்லை என்ற காரணத்தால் அன்றே உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. டிசம்பரில் அவரை விடுதலையும் செய்தது. அன்றைய வேகத்தில் நாங்கள் குறை காணவில்லை. அது எல்லோருக்கும் உரியது. ஜாமீன் மனுவை இரண்டு வாரத்திலும் முன்ஜாமீன் மனுவை ஆறு வாரத்திலும் முடிக்க வேண்டும் என்று 2022 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு தாண்டிய மனுக்களின் பட்டியலை ஒவ்வொரு நீதிமன்றமும் வாரந்தோறும் வெளியிட வேண்டும். முதல் பட்டியல் அடுத்த மாதமே வர வேண்டும்.

2. உள்ளே இருக்க வேண்டிய காலம் முடிந்தவர்களை வெளியே விட வேண்டும். 2022 இறுதிக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் தவிர மற்றவற்றில், இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வழி செய்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு. இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையையும், அவர்களில் எத்தனை பேருக்கு மனு போனது என்பதையும் மாதம் முதல் தேதியில் ஒவ்வொரு சிறை வாசலிலும் ஒட்ட வேண்டும்.

3. ஜாமீன் கிடைத்தவர் பணமில்லாததால் உள்ளேயே கிடக்கக் கூடாது. உத்தரவு வந்த பிறகுதான் ஏழைக்கு உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவரும் வீட்டு வரி ரசீதுக்கு எங்கே போவார்கள்? ஏழு நாளில் கைதி வெளிவராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி தரும் ஒன்றிய அரசின் திட்டமும் இருக்கிறது. எட்டாவது நாள் காலையில் அந்த உதவி தானாகத் தொடங்க வேண்டும். கைதி மனு எழுதித் தரும்வரை காத்திருக்கக் கூடாது.

4. சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும். 1999இல் டெல்லி விருந்தொன்றில் பலர் முன்னிலையில் மாடல் ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சிகள் பிறழ்ந்தனர். 2006 பிப்ரவரியில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். நாடு கொதித்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம் அரசியல்வாதி ஒருவரின் மகனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எல்லா வழக்குக்கும் நாடு கொதிக்காது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் சட்டமாகச் செல்லுபடியாகிறது. ஆனால் பெரும்பாலான சாட்சிகளுக்கு அது இருப்பதே தெரியாது. இனி அனுப்பும் ஒவ்வொரு சம்மனிலும் பாதுகாப்புக் கேட்பது எப்படி, யாரிடம், எந்தத் தொலைபேசி எண்ணில் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கொடுங்குற்றங்களில் சாட்சி வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

5. வாய்தாவுக்குக் கணக்கு வேண்டும். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 1996இல் தொடங்கியது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014இல் வந்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது அவர் உயிரோடு இல்லை. 2001இல் நடந்த கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற ‘சரவண பவன்’ ராஜகோபாலுக்கு 2019இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர் சில நாட்களில் இறந்துபோனார். வசதி இருந்தால் வழக்கை ஆயுள் முடியும்வரை இழுக்கலாம் என்ற பாடத்தை ஊர் கற்றுக்கொள்கிறது. ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. வாய்தா கேட்டவர் யார், காரணம் என்ன, எத்தனையாவது முறை என்ற மூன்றும் அன்று மாலைக்குள் நீதிமன்ற இணையதளத்தில் வர வேண்டும்.

6. சிறைக்குள் வகுப்பு கூடாது. கொலை வழக்கில் கைதான கன்னட நடிகர் தர்ஷன், பெங்களூரு பரப்பன அக்ரகாரா சிறையில் நாற்காலி போட்டு அமர்ந்து, கையில் சிகரெட்டும் கோப்பையுமாக இருந்த படம் 2024 ஆகஸ்டில் வெளியானது. அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். அந்த நாற்காலியை அனுமதித்தவர்கள் அரசு ஊழியர்கள். அதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14 அன்று ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், சிறப்புச் சலுகை தெரிந்தால் கண்காணிப்பாளரே முதலில் இடைநீக்கம் செய்யப்படுவார் என எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை எல்லா மாநிலச் சிறைகளுக்கும் விதியாக்க வேண்டும். அந்தஸ்து பார்த்து ‘முதல் வகுப்பு’ கொடுக்கும் விதிகள் எங்கெல்லாம் மிச்சமிருக்கின்றனவோ அங்கெல்லாம் நீக்க வேண்டும். முதியவருக்கும் நோயாளிக்கும் தேவையான வசதியை மருத்துவர் எழுதித் தரட்டும். அது பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

7. பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தேடி வர வேண்டும். பிரபலத்தின் வழக்கு என்றால் நிமிடத்துக்கு நிமிடம் தொலைக்காட்சியில் ஓடுகிறது. மகனை இழந்த தாய் தன் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கிறார். புலன்விசாரணை நிலவரத்தை 90 நாளுக்குள் தெரிவிப்பது காவல்துறையின் சட்டக் கடமை. அது பாதிக்கப்பட்டவரின் கைபேசிக்கு அவரவர் மொழியில் வர வேண்டும். அரசு ஒரு வழக்கைத் திரும்பப் பெற நினைத்தால் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

நீதிபதிகள் போதாது என்ற பதில் வரும். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது; இன்று அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காலியிடங்களை நிரப்புங்கள், அதையும் கேட்கிறோம். ஆனால் சிறை வாசலில் பட்டியல் ஒட்டவும், சம்மனில் தொலைபேசி எண் அச்சிடவும், வாய்தாக் கணக்கை இணையத்தில் ஏற்றவும் புதிய நீதிபதி எவரும் தேவையில்லை.

பட்டியல்களும் சம்மன் மாற்றமும் முப்பது நாளில் முடியக்கூடியவை. விதித் திருத்தங்களுக்கு ஆறு மாதம் போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரி யார், முடியும் தேதி எது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த தேதியில் சிறை வாசலிலும் நீதிமன்ற வளாகத்திலும் நாங்கள் வந்து பார்ப்போம். நடக்காத ஒவ்வொன்றுக்கும் அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லி விளக்கம் கேட்போம்.