பொய் சொல்லும் பெற்றோல் மானி

2022ஆம் ஆண்டில், காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்ட நாட்களில், கொட்டாஞ்சேனை அன்பரொருவர் நோயுற்ற தாயாரைத் தமது பழைய மொறிஸ் மைனரில் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். மானியின் முள் முழு டாங்கி காட்டிக் கம்பீரமாக நின்றது. வண்டியோ இரண்டு தெரு கடக்குமுன் நின்றுவிட்டது. டாங்கியில் ஒரு சொட்டும் இல்லை! தம் பங்கில் சிறிது மிச்சம் வைத்திருந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரே அந்த அம்மையாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னர் அன்பர் பெருந்தொகை கொடுத்துப் புதிய மானி வாங்கி மாட்டினார். அதுவும் அவ்வாறே காட்டிற்று.

இத்தகைய பழைய மானியினுள் இரண்டு கம்பிச் சுருள்கள் ஓர் இரும்புத் துண்டை இரு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. டாங்கியில் மிதவையோடு சேர்ந்த தடைச்சுருள் வழியே மின்சாரம் வண்டியின் உடலுக்குச் செல்கிறது. பெற்றோல் குறையத் தடையும் குறையும், முள் இறங்கும். ஆகவே அவ்வழி எங்கேனும் அறுந்தால் முள் நிறைவிலேயே நிற்கும். வயர் இடையில் உடலைத் தொட்டாலோ, மிதவை ஓட்டையாகி அமிழ்ந்தாலோ, டாங்கி நிறைந்திருந்தும் வெறுமை காட்டும்.

சோதிப்பது எளிது. சுவிச்சை மூடிவிட்டு, டாங்கிக்குச் செல்லும் வயரைக் கழற்றி, அதனுடன் நீண்ட வயரொன்றை இணைத்து, மறுமுனையை டாங்கிக்கு வெகுதூரத்தில் வண்டியின் சுத்தமான இரும்பில் இறுகக் கட்டுங்கள். அதன் பின்னரே சுவிச்சைத் திறக்க வேண்டும். பெற்றோல் ஆவியருகே ஒரு பொறி பறந்தாலும் போதும், மானியைப் பற்றிய கவலையே இராது! முள் வெறுமைக்கு இறங்கினால் மானியும் வயரும் நலம். குற்றம் டாங்கிப் பக்கத்தில். இறங்காவிடின் வயரையும் மானியையும் பாருங்கள்.

1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பல பிரித்தானிய வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றில் உள்ளவை சூட்டினால் வளையும் ஈருலோகத் தகடு கொண்ட மானிகள். வயரைக் கழற்றினால் வெறுமை, உடலில் தொட்டால் நிறைவு. தொட்டதும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மானி கருகும். இவற்றுக்குச் சராசரி 10 வோல்ட் அளிக்கும் சிறு பெட்டி ஒன்றுண்டு. பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருங்கே மிகையாகக் காட்டினால், பெரும்பாலும் அப்பெட்டி உடலோடு சரியாகத் தொடவில்லை என்றே பொருள். அதற்குப் பதிலாக இக்காலத்து மின்னணுப் பெட்டியை வாங்குவோர் தம் வண்டியில் பற்றறியின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்று பார்த்து வாங்குக. மொறிஸ் மைனரில் நேர்முனை உடலோடு இணைந்திருப்பது பிழையன்று. அவ்வாறே செய்து அனுப்பினார்கள்.

அன்பரின் காரில் சோதித்தபோது முள் உடனே இறங்கிற்று. அவர் முன்பு பல ஆண்டுகள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில், அதைத் திறந்த வெளியில் நிறுத்தி வந்தவர். உப்புக் காற்றால் டாங்கியின் இணைப்பில் கறள் தடித்துப் படிந்திருந்தது. வயரை அப்புறப்படுத்தி, ஒரு துண்டு அரத்தாளால் தேய்த்தோம், மானி திருந்திற்று. பழைய மானியை மாட்டிப் பார்த்தோம். அதுவும் சரியாகவே காட்டிற்று. புதியதை விற்ற கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.